ஐந்து நிமிடத்தில் கார் பாட்டரி சார்ஜ்: கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"ஐந்தே நிமிடத்தில் சார்ஜ், 400 கிலோமீட்டர் ஓடும்!" எலக்ட்ரிக் கார் பாட்டரி பற்றி இப்படி ஒரு செய்தியை இன்டர்நெட்டில் படித்திருப்பீர்கள். இதைச் சோதிக்கப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

லேப்டாப் பாட்டரியின் லேபிளில் 10.8 வோல்ட், 4400 எம்ஏஎச் என்று இருந்தால், 10.8-ஐ 4.4-ஆல் பெருக்குங்கள். சுமார் 47.5 வாட்-ஹவர். இப்படி 21 பாட்டரிகள் சேர்ந்தால்தான் மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட்.

இப்போது நிஜ உதாரணம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஈஸ்டோர் நிறுவனம் 2006-இல் ஒரு காப்புரிமை பெற்றது. பாட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் (நம் ஃபேனில் 'கண்டென்சர்' என்போமே, அந்த இனம்தான்). 3500 வோல்ட்டில் சுமார் 52 யூனிட் சேமிக்கும் என்றார்கள். ஆயிரம் லேப்டாப் பாட்டரிகளுக்கு மேல்! இதை நம்பி, கனடாவின் ஜென் நிறுவனம் சிட்டிஜென் என்ற காரை அறிவித்தது. ஐந்து நிமிட சார்ஜ், 400 கிலோமீட்டர் என்பது அந்தக் காருக்குச் சொன்னதுதான்.

உங்கள் வீட்டு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் தருவது 230 × 15, அதாவது 3450 வாட். 52 யூனிட் ஏற 15 மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஏற்ற 624 கிலோவாட் வேண்டும். வீட்டு ஒயர் தாங்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருந்தது. அவர்கள் பயன்படுத்திய பேரியம் டைட்டனேட், வோல்ட் ஏற ஏறச் சேமிக்கும் திறனை இழக்கும் பொருள். 52 யூனிட் கணக்கோ, திறன் கடைசிவரை குறையாது என்று வைத்துக்கொண்டு போட்டது. விஞ்ஞானிகள் அப்போதே இதைக் கேட்டார்கள். 2008-இல் லாக்ஹீட் மார்ட்டின் ஒப்பந்தம் போட்டதும் பலர் அந்தப் பெயரையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சாப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான். பெரிய கிளையன்ட் பெயரைப் பார்த்ததும் டெமோவை யாரும் நோண்டுவதில்லை. சிட்டிஜென் விற்பனைக்கு வரவே இல்லை.

அதற்காக எல்லாமே புளுகு என்று தள்ளிவிடாதீர்கள். 2025-இல் சீனாவின் பிஒய்டி அதே ஐந்து நிமிடம், 400 கிலோமீட்டர் என்று அறிவித்தது. ஆனால் அதற்கு 1000 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்பதையும் கூடவே சொன்னது. அந்த எண் தெரிந்தால், நீங்கள் போகும் வழியில் அப்படி ஒரு சார்ஜர் இருக்கிறதா என்றாவது விசாரிக்கலாம்.