கார் மோதிவிட்டதா? இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளெய்ம் பணம் எவ்வளவு வரும் என்பதைப் பாலிசி மட்டும் தீர்மானிப்பதில்லை. எதை முதலில் செய்தோம், எதைப் பிறகு செய்தோம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குச் சொன்னால், நியாயமான கிளெய்மும் சிக்கலாகும்.

முதலில் ஆள், பிறகு கார்

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. போலீஸ் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும்.

பிறகு போன். காரை நகர்த்தும் முன்பே இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட், அடிபட்ட இடங்கள், சாலையில் வண்டிகள் நின்ற நிலை எல்லாவற்றையும் படமெடுங்கள்.

இதற்குள் எதிர்த்தரப்பு, “ஏதோ பார்த்துக் கொடுத்துட்டுப் போங்க சார்” என்று ஆரம்பித்திருக்கும். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. ஒருவருக்குச் சிறு காயம் இருந்தாலும் ரோட்டோரப் பஞ்சாயத்து வேண்டாம். காவல் நிலையத்துக்கே போய்விடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கையில் இருக்கட்டும். பின்னால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், அதை உடனே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும்.

நாமே சுவரில் உரசிக்கொண்டதற்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள்

அடிப்பக்கம் கல்லில் தட்டி ஆயில் ஒழுகினால், வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆயில் சம்ப் உடைந்ததற்குக் கம்பெனி பணம் தரும். அதே நிலையில் ஓட்டிப்போய் இன்ஜின் பிடித்துக்கொண்டால், அது நீங்களே வரவழைத்த சேதம் என்று கைவிரித்துவிடலாம். ரெக்கவரி வண்டிக்கு ஆகும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கிளெய்ம் கேட்பது லாபமா?

படங்களைத் தெரிந்த மெக்கானிக்குக்கு அனுப்பினால் அன்றே ஓர் உத்தேசத் தொகை கிடைத்துவிடும். இப்போது நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரே ஒரு கிளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதத் தள்ளுபடி வர இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளெய்ம் கேட்டால், அடுத்த வருடம் மட்டுமே 4,500 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அடுத்தவருக்கோ அவர் வண்டிக்கோ சேதம் என்றால் கணக்கே போடாதீர்கள், தகவல் கொடுத்துவிடுங்கள்.

தகவலும் சர்வேயரும்

ஆப்பிலோ போனிலோ அன்றே சொல்லிக் கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். ஓட்டியது யாரோ அவர் பெயரையே சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியிருந்தால், “அண்ணன் பேரைப் போட்டுக்கலாம்” என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். பொய் வெளிப்பட்டால் கிளெய்ம் மொத்தமும் போகும்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். முடிந்தால் அவர் வரும்போது நீங்களும் அங்கே இருங்கள். விபத்து எப்படி நடந்தது என்பதை ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதைவிட நீங்கள் சொல்வது நல்லது. பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே ரேடியேட்டரும் நசுங்கியிருப்பது தெரிந்தால், அவரை மறுபடி அழைத்துக் காட்டிச் சேர்க்கச் சொல்லலாம். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, எஸ்டிமேட் எல்லாவற்றையும் தயாராக வைத்திருங்கள். கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள ஒர்க்‌ஷாப் என்றால் கேஷ்லெஸ். வெளியே என்றால் நீங்கள் கட்டிவிட்டு பில் கொடுத்து வாங்க வேண்டும்.

பில்லில் நம் பங்கு

சாதாரண பாலிசியில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்குக் கிடையாது. உலோகத்துக்குக் காரின் வயதைப் பொறுத்து: இரண்டு முடிந்து மூன்று வயதுக்குள் இருந்தால் 15.

அப்படியொரு காரில் பம்பர் 8,000, பானெட் 12,000, முன்கண்ணாடி 7,000, கூலி 6,000 என்று 33,000 ரூபாய்க்கு பில் வருகிறது. பம்பரில் 4,000, பானெட்டில் 1,800 போகும். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 26,200. பம்பர் டு பம்பர் பாலிசியில் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் அந்த 1,000 ரூபாய் அதிலும் உண்டு. ஆயில், கூலன்ட் போன்றவற்றுக்குத் தனிக் கவர் வேண்டும்.

பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்திருக்கும் காரின் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடிப்பார்கள். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும்.

மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுப் புகார்களை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. சர்வேயர் அறிக்கையின் நகலையும் விபத்தன்று எடுத்த படங்களையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.