ஆங்கிலம் அறிவோம்: "நெம்ப" என்பதற்கு எத்தனை சொல்?



"நெம்ப நல்லாருக்குதுங்க" என்று நம்ம அவிநாசிப் பக்கம் சொல்கிறோம். வெளியூரில் இதுவே "ரொம்ப". எழுதும்போது "மிகவும்". இப்படி அழுத்தம் கொடுக்கும் சொற்கள் ஆங்கிலத்திலும் உண்டு. பனியன் கம்பெனியிலும் பேங்கிலும் நமக்குத் தேவைப்படுவதால் இந்த மாதம் அவற்றைப் பார்ப்போம்.

1. வெரி: மிகவும். பேசவும் எழுதவும் ஏற்றது. இதன் பழைய பொருள் 'உண்மையான' என்பது. "ரியலி" என்பதும் அதே வழிதான். நாமும் "நெசமாலுமே நல்லாருக்குது" என்கிறோமே!

2. டூ (எழுத்து: டி, ஓ, ஓ): அளவுக்கு மீறி. இங்கேதான் கவனம் வேண்டும். நம்ம அவிநாசித் தேரை "வெரி பிக்" என்றால் பெருமை. "டூ பிக்" என்றால் தெருவில் திரும்பாது என்று அர்த்தம். திருப்பூர் ஏற்றுமதி சாம்பிளைப் பார்த்து பையர் "நெக் டூ வைட்" என்று எழுதினால், கழுத்து அகலத்தைக் குறைக்க வேண்டும். சும்மா 'அகலமா இருக்குது' என்று நினைத்து அப்படியே தைத்தால் லாட்டே திரும்பி வரலாம். "டூ குட்" என்று நாம் பாராட்டுவதை வைத்து எல்லா "டூ"வையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. ப்ரிட்டி: தனியாக வந்தால் 'அழகான'. "ப்ரிட்டி குட்" என்றால் 'நல்லாவே இருக்குது'. "ப்ரிட்டி டர்ட்டி" என்றால் நல்லாவே அழுக்கு. அதில் அழகு ஏதும் இல்லை! பேச்சுக்கு மட்டும்.

4. குவைட்: பிரிட்டன்காரர் "குவைட் குட்" என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை'. அமெரிக்கர் சொன்னால் 'நல்லாவே இருக்குது'. சொல்வது யார் என்று பாருங்கள்.

5. டெரிப்ளி, ஆஃபுலி: இரண்டும் பயத்தைக் குறித்த சொற்களிலிருந்து வந்தவை. இப்போது "டெரிப்ளி சாரி" என்றால் 'ரொம்ப வருந்துகிறேன்'. நம்ம பிள்ளைகள் "படம் பயங்கரமா இருக்குது" என்று பாராட்டுவது போலத்தான்.

6. ப்ளடி: சினிமாவில் கேட்டிருப்பீர்கள். இது வசவு. பெரியவர்களிடமோ வேலை இடத்திலோ வேண்டவே வேண்டாம்.

பேங்க் மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் "ப்ரிட்டி", "டெரிப்ளி" எல்லாம் சேர்க்காதீர்கள். "கடன் வெரி வெரி அர்ஜெண்ட்" என்பதைவிட, "15ஆம் தேதிக்குள் தேவை" என்று எழுதினால் எடுபடும்.

பயிற்சி: "டீ வெரி ஹாட்", "டீ டூ ஹாட்". இதில் எந்த டீயை உடனே குடிக்க முடியாது? ஏன்? அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கேட்டுப் பாருங்கள்.