சத்தம் வரேல்லையா? பிழை எந்தப் படியில எண்டு முதல்ல பாருங்கோ



போன சனிக்கிழமை அம்மம்மாவோட வீடியோ கோல். அவவின்ர வாய் அசையுது, எனக்குச் சத்தம் இல்லை. "கேக்கேல்லை அம்மம்மா" எண்டு சொல்ல, பிழை தன்ர போனில எண்டு நினைச்சு வைச்சிட்டா. பார்த்தால் மவுஸும் நகரேல்லை. லினக்ஸைத் திட்டிக்கொண்டு, முழுசாத் திருப்பி இன்ஸ்டோல் செய்ய வெளிக்கிட்டன். பிறகுதான் வேலையில மற்றவைக்குச் சொல்லுறது ஞாபகம் வந்தது: திருத்த முதல், பிழை எங்க எண்டு பிரிச்சுப் பார்.

லினக்ஸில் ஒரு கருவி நான்கு படிகளைத் தாண்டி வேலை செய்கிறது: வயர், கேர்னல், இடையில் நிற்கும் சேவை, கடைசியாக செயலி. கீழிருந்து மேலே போக வேண்டும். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன்; டெர்மினலில் சின்ன ஆங்கில எழுத்தில் தட்டுங்கோ.

1. மவுஸ்: எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று ஒரே சொல்லாகத் தட்டினால், கேர்னல் காணும் யூஎஸ்பி கருவிகள் வரிசையாக வரும். என்ர மவுஸ் அதில இல்லை. அப்ப டிரைவரைத் தோண்டிப் பிரயோசனமில்லை. வயரை, போர்ட்டைத்தான் பார்க்க வேணும்.

2. சத்தம்: இன்றைய உபுண்டு, ஃபெடோராவில் ஒலியைக் கையாளுவது பைப்வயர். டபிள்யூ-பி-சி-டி-எல், இடைவெளி, ஸ்டேட்டஸ். ஆடியோ பகுதியில் 'சிங்க்ஸ்' என்பதன் கீழ், எதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி நிற்கிறதோ அதற்குத்தான் சத்தம் போகும். எனக்கு அது எச்டிஎம்ஐக்குப் பக்கத்தில நிண்டது.

3. சரியான இடத்தில் நட்சத்திரம் இருந்தும் சத்தம் இல்லையா? அல்சாமிக்ஸரைத் திறவுங்கோ. எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தெரிவு செய்யுங்கோ. கீழே 'எம்எம்' என்றிருந்தால் அது மியூட். எம் விசையை அழுத்தினால் திறக்கும்.

அண்டைக்குப் புதுசா மாறினது ஒண்டே ஒண்டுதான்: எச்டிஎம்ஐயில பூட்டின மொனிட்டர். அதில ஸ்பீக்கர் இல்லை, ஆனா சத்தம் அங்க போயிட்டுது. மவுஸை அந்த மொனிட்டரின்ர யூஎஸ்பி போர்ட்டில குத்தியிருந்தன். மொனிட்டரையும் லாப்டாப்பையும் இணைக்கிற யூஎஸ்பி வயரைப் பூட்டேல்லை. எச்டிஎம்ஐ வயர் மவுஸைக் கொண்டுவராது. வயரைப் பூட்டி, செட்டிங்ஸில ஸ்பீக்கரை மாத்தினன். ரெண்டும் சரி.

இந்த வார வீட்டுவேலை: எல்லாம் ஒழுங்கா ஓடுற இண்டைக்கே முதல் ரெண்டு கட்டளையையும் ஓட்டி, வாறதைச் சேமிச்சு வையுங்கோ. பழுதாகிற நாளில ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

அம்மம்மாவைத் திருப்பி எடுத்தன். புதுப் போன் வாங்கப் போறதெண்டு மாமாட்டச் சொல்லிப்போட்டா!