மூக்கில் எட்டு கிராம்



சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு மாடல் விமானம் கட்டினேன். ஹாக்கர் சீ ஹாக், 1/72 அளவு, மூன்று வார வேலை. பெயிண்ட் காய்ந்ததும் சக்கரங்களை ஒட்டி மேசையில் நிறுத்தினேன். மூக்கு மெதுவாக மேலே எழும்பியது, வால் போய் மேசையைத் தொட்டது. வாசலில் நாய் உட்கார்ந்திருக்குமே, அப்படி உட்கார்ந்துகொண்டது. கையால் அழுத்தினால் நிற்கும், விட்டால் மறுபடியும் உட்காரும். மறுநாள் காலையில் வகுப்பு.

கிட்டோடு வந்த தாளில் இரண்டாவது படியிலேயே எழுதியிருந்தது: உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் மூக்குக்குள் எடை வையுங்கள். படித்தேன். 'பிறகு வைக்கலாம்' என்று தள்ளிவிட்டு மூடிவிட்டேன். பொறியியல் படிக்கிறவன் பண்ற வேலையா இது?

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் பிரிட்டனின் ஹாக்கர் நிறுவனம் பி.1040 என்ற ஜெட் விமானத்தை வடிவமைத்தது. 1947 செப்டம்பர் 2-ஆம் தேதி அது முதல்முறையாகப் பறந்தது. விமானப்படை பெரிய ஆர்வம் காட்டவில்லை, கடற்படை எடுத்துக்கொண்டது. சீ ஹாக் என்ற பெயரில் 1953-இல் பணிக்கு வந்து, 1956-இல் சூயஸ் போரில் பறந்தது. பிறகு இந்தியக் கடற்படை வாங்கியது. 1960-இல் அமைந்த அவர்களுடைய 300-ஆவது ஸ்குவாட்ரனின் சின்னம் வெள்ளைப் புலி. விக்ராந்த் கப்பலின் தளத்திலிருந்து அவை பறந்தன. 1983-இல் சீ ஹாரியர் வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

நான் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் அதன் புகைபோக்கி. அந்தக் காலத்து ஜெட் விமானங்கள் பலவற்றில் எஞ்சினின் சூடான காற்று நீண்ட குழாய் வழியாக வால் நுனிக்குப் போகும். குழாய் நீள நீள உந்துவிசை கொஞ்சம் வீணாகும், உடலின் பின்பாதி முழுக்க அந்தக் குழாய்க்கே போய்விடும். சீ ஹாக்கில் ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எஞ்சின் நடு உடலில் இருக்கிறது. இரண்டு இறக்கைகளும் உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கம் காற்று நுழையும். வெளியேறும் காற்றை வேட்டி கிழித்த மாதிரி இரண்டாகப் பிரித்து, இறக்கையின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு சின்னக் குழாய் வழியாக விட்டார்கள். பின்னுடலில் இடம் மிச்சம், அங்கே எரிபொருள் வைத்தார்கள். கடலுக்கு மேலே பறப்பவனுக்கு எரிபொருள்தான் உயிர்.

சரி, நிஜ விமானம் ஏன் வாலில் உட்காரவில்லை? அதன் முன்பாதியில் விமானி இருக்கிறார், நான்கு 20 மி.மீ. பீரங்கிகள் இருக்கின்றன, அவற்றின் தோட்டாக்கள் இருக்கின்றன. என் மாடலில் அந்த இடம் வெறும் காற்று. வாலிலோ செங்குத்துத் துடுப்பு, கிடைத் துடுப்புகள் எல்லாம் உள்ளே காலி இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக். உருவத்தை 72-இல் ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள், ஆனால் எடை எங்கெங்கே இருந்ததோ அது அப்படியே சுருங்கி வரவில்லை.

இங்கே ஒரு கணக்கு. நீளம் 72-இல் ஒரு பங்கானால், கன அளவு 72 × 72 × 72, அதாவது 3,73,248-இல் ஒரு பங்கு. முழுச் சுமையோடு சீ ஹாக் சுமார் 7,300 கிலோ. வகுத்துப் பாருங்கள், 20 கிராம்கூட வராது. என் மாடலைச் சமையல் தராசில் வைத்தேன், 34 கிராம்! பறக்கவே தெரியாத பொம்மை, அளவுப்படி பார்த்தால் நிஜ விமானத்தைவிடக் கனம். காரணம் சுவரின் தடிப்பு. 1 மி.மீ. பிளாஸ்டிக் சுவரை 72 மடங்கு பெருக்கினால் 7 செ.மீ.க்கு மேல். அவ்வளவு தடிமனான தோலோடு எந்தப் போர் விமானமும் மேலே எழும்பாது.

நிஜக் கப்பலிலும் எடைதான் தலைவலி. அன்றைய விக்ராந்தின் நீளம் சுமார் 213 மீட்டராக இருந்தது. அந்தத் தளத்திலிருந்து ஜெட் கிளம்ப நீராவிக் கவண் இழுத்துவிட வேண்டியிருந்தது, கப்பலும் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டியிருந்தது. கப்பல் ஓடும் வேகம் விமானத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் எதிர்க்காற்று. 1971-இல் விக்ராந்தின் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. வேகம் குறைந்தால் எதிர்க்காற்று குறையும், எதிர்க்காற்று குறைந்தால் விமானம் தூக்கக்கூடிய எரிபொருளும் ஆயுதமும் குறையும். அப்படிப்பட்ட கப்பலிலிருந்துதான் அந்த ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி சீ ஹாக்குகள் கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

"கோயில் வகுப்புல குண்டு போடுற விமானமா தம்பி?" என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்குக் கீழே மனிதர்களும் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது, சொன்னேன். கிட்டில் வந்த குண்டுகளை நான் ஒட்டவில்லை, பெட்டியிலேயே கிடக்கின்றன.

மறுபடியும் என் மேசைக்கு வருவோம். அன்று இரவு எளிய வழி ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் குச்சியை வெட்டி வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் குச்சி தெரியாது. விமானம் அழகாக நின்றது. அதையே வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் இருந்த பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நிஜ விமானத்துக்கும் இந்தக் குச்சி உண்டா?" என்று கேட்டான். 'சில விமானங்களை நிறுத்தி வைக்கும்போது வாலுக்கு முட்டுக் கொடுப்பார்கள்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவன் கேட்டது அது இல்லையே. சுற்றி இருந்த எட்டுப் பேரும் அடுத்த வாரம் இதே கிட்டைக் கட்டப் போகிறவர்கள். "இல்லடா, உள்ள வைக்க வேண்டியத நான் வைக்கல" என்றேன். "அப்ப தொறந்து வைங்கண்ணே" என்றான், ஏதோ டிபன் பாக்ஸைத் திறக்கிற மாதிரி!

பிளாஸ்டிக் சிமெண்ட் சாதாரணப் பசை கிடையாது. அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடும், பிரித்தால் கோட்டில் பிரியாது, கண்ட இடத்தில் உடையும். அதனால் மெல்லிய ரம்பத்தால் மூக்கை மட்டும், விமானி அறைக்கு முன்னால், அவர்கள் கண்ணெதிரே அறுத்தேன். மூன்று வாரமாகத் தேய்த்து மறைத்த இணைப்பும் அடித்த சாம்பல் பெயிண்டும் பொடியாக உதிர்ந்தன. வயிறு கலங்கியது, உண்மையைச் சொல்றேன்.

எவ்வளவு எடை வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், சீசோ விளையாட்டுதான். பின்சக்கரங்கள்தான் சீசோவின் நடு அச்சு. அறுத்த துண்டை டேப் போட்டு ஒட்டி, மாடலை ரூலர் விளிம்பில் வைத்துச் சமநிலை பார்த்தோம். அதன் ஈர்ப்பு மையம் சக்கர அச்சுக்கு 7 மி.மீ. பின்னால் இருந்தது. பின்னால் இழுப்பது 34 × 7 = 238. மூக்கில் எடை வைக்கும் இடம் அச்சுக்கு 55 மி.மீ. முன்னால். 238-ஐ 55-ஆல் வகுத்தால் 4.3 கிராம். அது சமநிலைக்கு மட்டும். அவ்வளவுதான் வைத்தால் மேசையில் யாராவது தும்மினாலே வால் இறங்கும். நான் 8 கிராம் வைத்தேன். எடையை எவ்வளவு முன்னால் தள்ளுகிறோமோ அவ்வளவு குறைவாகப் போதும். அதே ஈயத்தை விமானி இருக்கைக்குப் பின்னால் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும், இடமும் பத்தாது.

பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம், அவர்கள் இன்னும் மூடவில்லை. உடலின் இரண்டு பாதி, இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, சக்கரம் வரும் இடத்தில் பென்சிலைக் குறுக்கே வைத்து, மூக்கின் மேல் ஈயக்குண்டை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். மூக்கு இறங்கியதும் மேலும் இரண்டு குண்டு. பிறகுதான் பசையை எடுத்தார்கள்.

ஒரு சிறுமி கேட்டாள், மூடினால் தெரியாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று. எங்கள் கோயில் கும்பாபிஷேகத்தில் நான் பார்த்தது ஞாபகம் வந்தது. பீடத்தின் குழியில் யந்திரத் தகட்டை வைத்து, மேலே விக்கிரகத்தை நிறுத்தி, சுற்றி அஷ்டபந்தனம் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தகட்டைக் கும்பிட வருகிற யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் குருக்கள் அதை வைக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, மாலை சாத்தவே அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவளிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ இதுவும் யந்திரம்தான்" என்று சொல்லி, தன் ஈயக்குண்டில் ஒரு பொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்து உள்ளே போட்டாள்.

கட்டப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு மலிவு. ஈயம் பிடிக்கவில்லை என்றால் சின்ன இரும்பு நட்டுகள் போதும். உள்ளே ஒட்ட வெள்ளைப் பசை வேண்டாம். ஈயத்தோடு அது சேர்ந்தால் சில வருஷத்தில் வினை நடந்து உப்பி, மாடலின் வயிற்றையே பிளந்துவிடும். எப்போக்சி போடுங்கள். இறக்கையை மடக்கி வைக்கப் போகிறீர்களா? நிஜத்தில் கிட்டத்தட்ட 12 மீட்டர் அகலம் சுமார் 4 மீட்டராகக் குறையும், பார்க்க அழகு. ஆனால் எடையும் இடம் மாறும், ரூலர் சோதனையை மடக்கிய நிலையிலேயே செய்யுங்கள். இந்தியக் கடற்படை நிறம் மேலே அடர் சாம்பல், கீழே வெளிர் பச்சை கலந்த நிறம். முதலில் வெளிர் நிறம், அது நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப், கடைசியில் அடர் நிறம்.

என்னுடைய சீ ஹாக் இப்போது மூன்று சக்கரத்தில் நிற்கிறது. மூக்கில் அறுத்த கோடு எவ்வளவு தேய்த்தும் முழுசாகப் போகவில்லை, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். வகுப்பு மேசையில்தான் இருக்கிறது, வந்தால் எடுத்துப் பாருங்கள். பெட்டி திறந்திருந்தால் ஈயக்குண்டைத் தொடாதவர் இல்லை, அதனால் சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.