"எல்லாம் நரம்புதான்" என்று விட்டுவிடலாமா?



நரிக்குடி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எழுதி முடித்ததும், இரண்டு மாதமாக வராத ஒரு உறுப்பினரைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவளுக்கு நரம்புத் தளர்ச்சி, அம்மா வழியில வந்தது. நாம என்ன செய்ய?" என்றார்கள். வீட்டுக்குப் போனால் அவரும் அதையேதான் சொன்னார். "மூளையிலயே கோளாறுன்னு ஆகிப்போச்சு மேடம். அழுகைய நான் எப்படி நிப்பாட்ட?"

நோய் என்று சொல்வதில் நன்மை உண்டு. பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 'பேயல்ல, நோய்' என்று நாங்களும் ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் வேறு சங்கடம் வருகிறது. 2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முன்பு மனச்சோர்வு வந்தவர்களில் சிலரிடம் மட்டும், "உங்கள் மூளையில் ரசாயனம் சரியில்லாததுதான் காரணம்" என்று சோதனை முடிவுபோலச் சொன்னார்கள். பழி தன்மேல் இல்லை என்று அவர்களுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. இது லேசில் தீராது, என் வருத்தத்தை என்னால் தணிக்க முடியாது என்ற எண்ணம்தான் கூடியது.

தவணை கேட்டு ஆள் வாசலில் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பு நரம்பில்தான்; ஆனால் காரணம் கடன். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் படபடப்பு தணிகிறதே, அதுவும் அதே நரம்பு வழியாகத்தான். உடம்பில் நடப்பது என்பதாலேயே நம் கையில் இல்லை என்று ஆகிவிடாது. சர்க்கரைக்கு மாத்திரையும் போடுகிறோம், சோற்றையும் குறைக்கிறோம் அல்லவா? (நரம்பு டானிக், சத்து ஊசி என்று நம் பெண்கள் செலவழித்த காசைக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆடு வாங்கியிருக்கலாம்!)

டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தச் சகோதரியிடம், "எந்த நேரத்துல அழுகை கூடுது?" என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்து, "பொழுது சாயும்போது, தனியா இருக்கையில" என்றார். இப்போது இரண்டு உறுப்பினர்கள் அந்த நேரத்தில் மிளகாய் வத்தலை அவர் வீட்டுக்கே கொண்டுபோய், சேர்ந்து உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். சில நாள் பேச்சு, சில நாள் அழுகை. மாத்திரையும் தொடர்கிறது. இந்த மாதக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்.