ஒரே வினாப்பெட்டி, மூன்று திரைகள்

வகுப்பு: 8 முதல் 10 வரை
கற்றல் விளைவு: ஒரே பாடப்பக்கம் பல கருவிகளில் இயங்க எதைப் பொதுவாக வைக்கலாம், எதை மாற்றலாம் எனப் பகுத்தறிதல்.

ஆய்வகக் கணினிக்கென உருவாக்கிய வினாடி வினாப் பக்கத்தை மாணவர் வீட்டில் கைபேசியில் திறக்கிறார். எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிகின்றன. 'அ' விடையைத் தொட்டால் 'ஆ' தேர்வாகிறது. விடை தெரிந்தும் மதிப்பெண் போகிறது. கருவிக்கொரு பக்கம் தயாரித்தாலும் சிக்கல் தீராது. ஒரு வினாவில் உள்ள பிழையை மூன்று இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டால் சிலர் பிழையையே படிப்பர்.

தீர்வு, பக்கத்தை மூன்றாகப் பிரிப்பதே.

1. உள்ளடக்கம்: வினாக்களும் விடைகளும் தனிக் கோப்பில் இருக்கும்.
2. வினாப்பெட்டி: ஒரு வினா, நான்கு விடைகள், 'அடுத்து' பொத்தான். ஒருமுறை உருவாக்கினால் அறிவியல், வரலாறு எதற்கும் பயன்படும்.
3. அமைப்புகள்: எழுத்தளவு, மொழி, நேர வரம்பு. இவற்றை ஆசிரியரே தேர்வு செய்யலாம்.

இணையப் பக்கங்களில் கட்டமைப்பை எச்.டி.எம்.எல். தருகிறது, தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். தருகிறது. சி.எஸ்.எஸ். முறையை 1994இல் ஹோகோன் வியும் லீ முன்மொழிந்தார். "திரையின் அகலம் 600 பிக்சலுக்கு மேல் இருந்தால் விடைகளை இரண்டிரண்டாக வை, இல்லையேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வை" என அதில் நிபந்தனை எழுத முடியும். திரைக்கேற்ப இவ்வாறு தகவமையும் பக்க வடிவமைப்புக்கு 2010இல் ஈத்தன் மார்கோட் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' எனப் பெயரிட்டார்.

வடிவமைக்கும்போது கவனிக்க:

• தொடும் இடம் பொதுவாகக் குறைந்தது 24 × 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது 2023இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.2.
• 'ஒளிச்சேர்க்கை' போன்ற நீண்ட சொற்கள் வெட்டுப்படாதிருக்க, பெட்டியின் உயரம் எழுத்துக்கேற்ப வளர வேண்டும்.
• சரி, தவறு என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் காட்டுக.
• அமைப்புகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருங்கள். கூடினால் பயன்படுத்துவோர் குழம்புவர்.

செயல்பாடு (40 நிமிடம்)

மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, முதல் குழுவுக்கு அஞ்சலட்டை, இரண்டாம் குழுவுக்கு ஏ4 தாள், மூன்றாம் குழுவுக்குச் சார்ட் அட்டை கொடுங்கள். மூன்று குழுக்களும் ஒரே வினாப்பெட்டியை வரையட்டும். பின் மூன்றையும் கரும்பலகையில் அருகருகே ஒட்டி, மாறாதவை, மாறியவை எனப் பட்டியலிடச் செய்யுங்கள். வினா, விடைகளின் வரிசை, சரியான விடை ஆகியவை முதல் பட்டியலிலும் எழுத்தளவு, இடைவெளி, விடைகளின் அடுக்கு ஆகியவை இரண்டாவதிலும் வர வேண்டும். முதல் பட்டியலே மறுபயன்பாட்டுக்குரிய பகுதி, இரண்டாவது அமைப்புகளுக்குரியது. கணினி வசதி இல்லாத பள்ளியிலும் இதை நடத்தலாம்.

மதிப்பீடு

"வினா எண் 5இல் எழுத்துப்பிழை உள்ளது. அதை எத்தனை இடங்களில் திருத்த வேண்டும்?" எனக் கேளுங்கள். 'ஓரிடத்தில்' என்று காரணத்துடன் கூறும் மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டார். நாம் தயாரிக்கும் கற்றல் வளங்களையும் இதே வினாவால் சோதித்துப் பார்க்கலாம்.