இலவச லினக்ஸுக்கு ஏன் சந்தா?

லினக்ஸ் ஓர் இலவசப் பணிசெயல் முறைமை என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கிறோம். அப்படியானால் வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தமது சேவையகங்களில் அதை நிறுவிவிட்டு வருடாவருடம் சந்தா கட்டுவது எதற்கு? லினக்ஸை வைத்தே வளர்ந்த ரெட் ஹெட் கம்பனியை 2019இல் ஐபிஎம் ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இலவசப் பண்டம் விற்ற கடைக்கா இந்த விலை!

உண்மையில் அங்கே விற்கப்படுவது பராமரிப்பு. வங்கியின் சேவையகம் இரவு பகலாக இயங்குவது. அதில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால் உடனே அடைக்க வேண்டும். புதிய பதிப்பை நிறுவினால் ஓட்டை அடைபடும். ஆனால் பழைய கணக்கு மென்பொருள் நின்றுவிடலாம். ஆகவே ரெட் ஹெட் பொறியியலாளர்கள் புதிய பதிப்பிலுள்ள திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்குப் பொருத்திக் கொடுக்கிறார்கள். ஒரு பதிப்புக்கு 10 வருடம் இந்தச் சேவை உண்டு. புகழ் கிடைக்காத, அலுப்பான வேலை. கூலி கேட்பது நியாயந்தான்.

மூலநிரல் திறந்திருந்ததால் அதே முறைமையைச் சிலர் 2004 முதல் சென்ட் ஓஎஸ் என்ற பெயரில் இலவசமாக வழங்கினர். 2014இல் அதுவும் ரெட் ஹெட்டின் அரவணைப்புக்குள் வந்தது. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்றிருந்தது. 2020 டிசெம்பரிலோ, அடுத்த வருட முடிவோடு அது நிறுத்தப்படும் என அறிவித்தார்கள். நம்பி நிறுவியவர்கள் திண்டாடினர். காசு கட்டாதவர் யாரிடம் போய் முறையிடுவது? ஆனால் மூலநிரல் அப்போது எல்லோர் கைக்கும் எட்டுவதாகவே இருந்தது. சில மாதங்களில், 2021இலேயே, அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என இரண்டு முறைமைகள் அதிலிருந்து வெளிவந்தன.